மூன்று கும்பிடு

கப்பல்காரர்கள்கூடப் பெயர் வைக்காத ஒரு தீவு, நடுக்கடலில் இருந்தது. அங்கே ராஜா இல்லை, மந்திரி இல்லை, நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. புல்லும் நெருஞ்சியும்தான். அந்தப் புல்விதையைத் தின்று ஒரு சில்லைக்குருவிக் கூட்டம் பிழைத்து வந்தது.

கூட்டத்தில் ஒருவனுக்கு மட்டும் அலகு பருத்திருந்தது. உலக்கைமூக்கன் என்று பெயர் வைத்தார்கள். பொடிப் புல்விதையை அவனால் பொறுக்க முடியாது, வாயில் மண்தான் வரும். எல்லோரும் சிரித்தார்கள். அவன் நெருஞ்சிக்காயை உடைத்துத் தின்றான், சிரித்தவர்களை மனதில் வைத்துக்கொண்டான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. புல் கருகி, மிஞ்சியது நெருஞ்சி மட்டும். அதை உடைக்க அவனை விட்டால் ஆள் இல்லை. கிடைத்த வாய்ப்பை விடுவானா? சட்டம் போட்டான்.

"அலகு மண்ணில் பட மூன்று கும்பிடு. அப்புறம்தான் விதை."

ஊசிமூக்கி என்ற தாய்க்குருவி ஓடி வந்தாள். கூட்டில் அவளுக்கு இரண்டு குஞ்சுகள்.

"அண்ணே, சின்னவன் தலை தொங்கிவிட்டது. விதையை முதலில் கொடுங்கள். கும்பிடு எத்தனை வேண்டுமானாலும் பிறகு போடுகிறேன்."

"எல்லோருக்கும் ஒரே சட்டம்தான், அம்மா."

ஒன்று கும்பிட்டாள். அவன் கடலைப் பார்த்தான். இரண்டு கும்பிட்டாள். அலகு மண்ணில் படவில்லை என்றான். மறுபடி கும்பிட்டு, மூன்றும் முடித்து, விதையோடு பறந்தாள். பெரியவன் தின்றான். சின்னவன் செத்துக் கிடந்தான்.

பிறகு மழை வந்தது, வேண்டிய மட்டும் கொட்டியது. புல் மண்டி, நெருஞ்சி அதனடியில் அழுகிப்போனது. தீவு முழுக்கப் பொடி விதை. உலக்கைமூக்கன் கொத்திக் கொத்திப் பார்த்தான். மண்தான் வந்தது.

கடைசியில் இறக்கையை இழுத்துக்கொண்டு ஊசிமூக்கியின் கூட்டுக்கு வந்து சேர்ந்தான். அலகு மண்ணில் பட ஒரு கும்பிடு போட்டான். அதற்குமேல் தலையைத் தூக்க முடியவில்லை.

வளர்ந்து நின்ற பெரியவன் சொன்னான்: "அம்மா, இன்னும் இரண்டு பாக்கி."

ஊசிமூக்கி அதற்குள் வந்தவன் வாயில் விதையைத் திணிக்கத் தொடங்கியிருந்தாள். "மூன்றும் முடிவதற்குள் ஓர் உயிர் போய்விடும், மகனே. நம் கூட்டில் ஒன்று போயிருக்கிறது."

உலக்கைமூக்கனுக்கு அது கேட்டது. ஆனாலும் விழுங்கினான்.

கேட்டுக்கொண்டீர்களா? பசித்து வந்தவரைப் பணிய வைத்துக் கொடுப்பது கொடை ஆகாது.