பேர் எழுதிய பட்டியல்

உலகநாதன் ஐம்பத்தைந்தாவது வயதில் ஒருவரிடம் சீடராகச் சேர்ந்தார். அந்த ஒருவருக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் ஜெசிந்தா. உப்பளங்களை ஒட்டிய அந்தச் சிறிய ஊரின் கிளை நூலகத்தில் நூலகர்.

உலகநாதன் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். வியாழக்கிழமை கடைசிப் பீரியட் அவர் வகுப்புக்கு வாசிப்பு நேரம். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். தலைமையாசிரியை ரத்தினபாய் இதை இரண்டு முறை வராந்தாவில் நின்று பார்த்தார். மூன்றாவது முறை அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பழைய மாணவர் சங்கம் உங்க வகுப்புக்கு நாற்பது புத்தகம் வாங்கித் தரப் போகுது சார். மாசக் கடைசிக்குள்ள பட்டியல் குடுங்க. அதுக்குப் பிறகும் பிள்ளைங்க படிக்கலைன்னா ஜனவரியிலிருந்து அந்தப் பீரியடும் கணக்குதான்."

உலகநாதன் ஒரே சாயங்காலத்தில் நாற்பது பெயர்களை எழுதினார். எழுதி முடித்ததும் அவருக்கே சந்தேகம் வந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

"புத்தகம் எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு கத்துக்கொடுங்க மேடம்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் தலையைத் தூக்கினார். "என்ன சார், இந்த வயசுல அரியர்ஸா?"

"ஆமா அண்ணாச்சி. நிறைய இருக்கு."

ஜெசிந்தா பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"எல்லாம் கதை."

"பிள்ளைங்களுக்குக் கதைதானே பிடிக்கும்?"

"எல்லாத்துலயும் கடைசிப் பக்கத்துல நீதி இருக்கு."

"இருக்கணும்ல மேடம்?"

"நீங்க கடைசியா அக்கறையா என்ன படிச்சீங்க சார்?"

உலகநாதன் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை. "பிரஷர் மாத்திரை டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு மடிச்சு வச்சிருப்பான். அதை ரெண்டு தடவை படிச்சேன்."

"அதுல நீதி இருந்ததா?"

"உப்பைக் குறைக்கணும்னு இருந்தது."

"குறைச்சீங்களா?"

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கு வரும்போது உங்க வகுப்பு அலமாரியிலிருந்து நாலு புத்தகம் கொண்டாங்க," என்றார் ஜெசிந்தா.

மறுநாள் கொண்டுவந்தார். மூன்று புத்தகங்கள் பழுப்பு அட்டை போட்டு, சீட்டு ஒட்டி, வாங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தன. நாலாவதற்கு அட்டை இல்லை.

"அதை ஏன் கொண்டாந்தீங்க?"

"நாலுன்னு சொன்னீங்க. கிழிச்சுட்டாங்கன்னு இதை மேல் தட்டுல எடுத்து வச்சிருந்தேன். கைக்கு அதுதான் வந்தது."

ஜெசிந்தா ஒரு புத்தகத்தை மேசையில் முதுகு கீழே இருக்கும்படி நிறுத்திப் பிடித்துக் கையை எடுத்தார். அது மூடியபடியே சாய்ந்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அட்டையில்லாத புத்தகத்தை நிறுத்திக் கையை எடுத்தபோது, அது நடுவில் பிரிந்து மல்லாந்து கிடந்தது. மீன்கொத்தி ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து கூடு அமைப்பது பற்றிய பக்கம். ஓரத்தில் எண்ணெய்க் கை பட்ட தடம்.

உலகநாதன் அதை மூடி, தானே ஒருமுறை நிறுத்திப் பார்த்தார். மறுபடியும் மீன்கொத்தி.

"இதையா மேல் தட்டுல வச்சேன்," என்றார்.

"வேற பட்டியல் எழுதிக் கொண்டாங்க."

நாலு நாள் கழித்து இரண்டாவது பட்டியலோடு வந்தார். இந்தமுறை உட்காரும்போதே முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கதை ஐந்து, பாட்டு ஐந்து, அறிவியல் ஐந்து, வாழ்க்கை வரலாறு ஐந்து. நாடகம், விடுகதை, பயணம், படக்கதை ஆகியவையும் ஐந்தைந்து. அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

"எல்லா வகையும் வந்துடுச்சு மேடம்."

"வந்துடுச்சு. யாருக்கு?"

"வகுப்புக்கு."

"வகுப்பு படிக்காது சார். ஒவ்வொரு பிள்ளையாத்தான் படிக்கும். எத்தனை பேரு?"

"முப்பத்தொண்ணு."

ஜெசிந்தா ஒரு புதுத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "இடது பக்கம் புத்தகம். வலது பக்கம் அது யாருக்குன்னு பேரு. மீதி ஒன்பது யாருக்கும் பொதுவா இருக்கட்டும்."

உலகநாதன் எழுத ஆரம்பித்தார். பாம்புகளைப் பற்றிய புத்தகத்துக்கு நேராக மாரிச்செல்வம் என்று எழுதினார். அவன் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கில் பாம்புச் சட்டை கொண்டுவந்தவன். நாடகப் புத்தகத்துக்கு நேராக பிரிசில்லா.

"பிரிசில்லாவுக்கு நாடகம் ஏன்?"

"எல்லார் மாதிரியும் நடிச்சுக் காட்டுவா. என்னையும்."

"உங்களை எப்படி?"

"கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே 'சரி, அடுத்த பாடம்'னு சொல்லுவா. யாரு கேட்டாங்க, யாரு கேக்கலைன்னு பாக்கவே மாட்டா."

தபால்காரர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

இருபத்தெட்டு பெயர்கள் எழுதியானது. பிறகு பேனா நின்றது. விட்டுப்போன மூன்று பெயர்களை உலகநாதன் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கடைசிப் பெயர் இசக்கியம்மாள்.

"இவங்க மூணு பேரும் எப்படி?"

"ஒரு தொந்தரவும் கிடையாது. நல்ல பிள்ளைங்க."

"அதை நான் கேக்கல."

"அமைதியா இருப்பாங்க மேடம். மார்க் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

அந்த வியாழக்கிழமை உலகநாதன் நாற்காலியில் உட்காராமல் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தார். மூவரில் ஒருவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போகிறது என்று போட்ட புத்தகம் என்றான். இன்னொருவனுக்கு விடுகதை போதுமாம், ஆனால் விடை பின்பக்கத்தில் இருக்கக் கூடாதாம். இருவருடைய பதிலையும் தாளில் குறித்துக்கொண்டார்.

இசக்கியம்மாள் கடைசி பெஞ்சில் சுவர் ஓரம் இருந்தாள். அவர் குனிந்து கேட்டார்.

"உனக்கு என்ன புத்தகம்மா வேணும்?"

அவள் சிலேட்டைப் போலத் தன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"தம்பி இல்லாதவங்க கதை இருக்கா சார்?"

"இல்லாதவங்கன்னா?"

"இருந்து, இல்லாமப் போனவங்க."

ஜூன் மாதத்தில் அந்தப் பிள்ளை பன்னிரண்டு நாள் வரவில்லை. வீட்டில் துக்கம் என்று கடிதம் வந்தது. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் உலகநாதன்தான். நாலு வயதுத் தம்பி, காய்ச்சல். திரும்பி வந்த அன்று விட்டுப்போன பாடங்களைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார். அவளும் எழுதிவிட்டாள்.

சாயங்காலம் இதை ஜெசிந்தாவிடம் சொன்னார். ஜெசிந்தா எழுந்து போய் ஒரு மெல்லிய புத்தகத்தோடு வந்தார். உலகநாதன் நின்றபடியே படித்தார். ஒரு சிறுமி. அவளுக்கு ஒரு தம்பி. ஆறாவது பக்கத்தில் தம்பி செத்துப்போகிறான். மிச்சப் பக்கங்களில் அவன் செருப்பு வாசலில் கிடக்கிறது. மிட்டாயை அவள் பழக்கத்தில் இரண்டாக உடைக்கிறாள். மழை வருகிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது. யாரும் உயிரோடு திரும்பி வருவதில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தச் செருப்பை அவள் எடுத்து உள்ளே வைக்கிறாள்.

"இதுல என்ன சொல்ல வர்றாங்க?"

"செருப்பை உள்ள எடுத்து வச்சான்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எடுத்துட்டுப் போங்க. என் பேர்ல எழுதிக்கிறேன்."

அடுத்த வியாழக்கிழமை இசக்கியம்மாள் அதைப் படித்தாள். முடித்த பிறகு மூடவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். மணி அடித்ததும் புத்தகத்தைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். ஆனால் அதைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"இது இங்கயே இருக்குமா சார்?"

"இது லைப்ரரியோடதும்மா. அடுத்த மாசம் நம்ம அலமாரிக்கே ஒண்ணு வரும்."

அவள் கையை எடுத்தாள்.

மாசக் கடைசியில் உலகநாதன் பட்டியலை வேறு தாளில் பெயர்கள் இல்லாமல் பிரதி எடுத்து, ஏழெட்டு மாதிரிப் புத்தகங்களோடு ரத்தினபாயிடம் கொடுத்தார். ரத்தினபாய் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாம்புக்குக் கொஞ்சம் தயங்கினார், விட்டுவிட்டார். மெல்லிய புத்தகத்தை மட்டும் முழுக்கப் படித்தார்.

"இது எதுக்கு சார்? சங்கத்துத் தலைவர் மேடையில ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரிப்பாரு. இதுதான் அவர் கையில வரும், பாருங்க."

"ஒரு பிள்ளை கேட்டா டீச்சர். இசக்கியம்மாள்."

ரத்தினபாயின் குரல் தணிந்தது. "அதனாலதான் சொல்லுதேன். அந்தப் பிள்ளை இப்பத்தான் மறந்துட்டு வருது. நாமளே ஞாபகப்படுத்தணுமா?"

"படிச்சுட்டு அழல."

"வீட்டுக்குப் போய் அழுதிருக்கும். நாளைக்கு அவங்க அம்மா வந்து நின்னா நான்ல பதில் சொல்லணும்." புத்தகத்தைத் தனியாக ஒதுக்கி வைத்தார். "மத்ததெல்லாம் நல்லா எடுத்திருக்கீங்க சார். நானே எதிர்பார்க்கல. இந்த ஒண்ணை எடுத்துட்டு எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுடுதேன். வியாழக்கிழமைப் பீரியடைத் தொட மாட்டேன்."

உலகநாதன் பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்தார். தபால்காரர் போயிருந்தார். ஜெசிந்தா திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை உலகநாதன் சொன்னார். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அவங்க கெட்ட மனசுல சொல்லல மேடம்."

"இல்ல."

"ஒண்ணே ஒண்ணுதான். அதை விட்டுட்டா மத்த முப்பத்தொன்பதும் தப்பிச்சுடும். பீரியடும் தப்பிச்சுடும். இன்னும் முப்பது பிள்ளைங்க இருக்காங்கள்ல. சண்டை போட்டு எல்லாத்தையும் இழக்கிறதா?"

"கேள்வி சரிதான்."

"நீங்க என்ன செய்வீங்க?"

ஜெசிந்தா கையிலிருந்த புத்தகங்களை வைத்துவிட்டு மேசை டிராயரைத் திறந்தார். பிரதி எடுத்த பிறகு உலகநாதன் அங்கேயே விட்டுப்போன, பெயர் எழுதிய பட்டியல் அதில் இருந்தது. அதை உலகநாதன் முன்னால் விரித்து, மேலே ஒரு சிவப்புப் பேனாவை வைத்தார்.

"அடிங்க."

உலகநாதன் பேனாவை எடுத்தார். மெல்லிய புத்தகம் பெயர் எழுதிய வரிகளில் கடைசியாக, இசக்கியம்மாள் பெயருக்கு நேராக இருந்தது. முப்பது வருஷத்தில் வருகைப் பதிவேட்டில் அவர் எத்தனையோ வரிகளைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். கை பழகிய வேலை. பேனா முனை புத்தகத்தின் பெயருக்கு மேல் வந்து நின்றது.

"அதை மட்டும் அடிச்சா வரி முடியாது சார்," என்றார் ஜெசிந்தா. "பக்கத்துல இருக்கிற பேரையும் சேர்த்து அடிங்க."

உலகநாதன் பேனாவை மூடினார்.