ஏழு பல்லும் இரண்டு அரமும்

முக்காலூர்க்காரர்களுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. செலவாகிவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஊர் குப்பாண்டிக்கு வாயில் மிச்சமிருந்தவை ஏழே பல். ஆடி மாதம் வலது கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. தையிலோ மகன் கல்யாணம். பெண் வீட்டுச் சீர் முறுக்கை நாலு பேர் முன்னால் நறுக்கென்று கடிக்க வேண்டும், மனுஷனுக்கு அது ஒன்றுதான் ஆசை.

மச்சினன்கள் வீரபாகுவும் நல்லமுத்துவும் அவரை டவுனுக்கு, பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள்.

"பல் வேருக்குள்ள கிருமி இருக்கு. சுரண்டி எடுத்துடலாம்," என்று டாக்டரம்மா ஊசி மாதிரி இரண்டு அரங்களைக் காட்டினார். "இது கையால திருகுறது. இது மெஷின்ல சுத்துறது. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது வேணும்னு சொல்லுங்க."

டாக்டர் சொன்னால் தட்டலாமா? மூவரும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"முதல்ல கை அரம், அப்புறம் மெஷின். எது நிறைய கிருமி எடுக்குதோ அது ஜெயிச்சுது," என்றான் வீரபாகு.

"முதல்ல போறது எல்லாத்தையும் வழிச்சுட்டு வந்துடுமே. மெஷின் பாவம், வெறுங்கையோட நிக்கும்," என்றான் நல்லமுத்து.

குப்பாண்டிக்கு மெஷின் மேல் இரக்கம் வந்துவிட்டது. "அதுக்கும் ஒரு பல்லு வேணும் மாப்ளே. இதே அளவு சொத்தையா."

அன்றிலிருந்து இடது கடைவாயில் வெல்லக்கட்டி. அந்தப் பக்கம் பல் தேய்க்கவும் தடை, கிருமிகளுக்குத் தொந்தரவாம். வலது பக்கம் வலியில் உயிர் போயிற்று. மச்சினன்கள் தினமும் டார்ச் அடித்துப் பார்த்து, "பொறுத்துக்குங்க மாமா, இடது பாதி வந்தாச்சு," என்று ஆறுதல் சொன்னார்கள்.

புரட்டாசியில் இடது பல்லும் சொத்தை. ஆனந்தமாக பஸ் ஏறினார்கள். ஒரு பள்ளத்தில் பஸ் குதித்ததும் வலது பல் கழன்று கையில் வந்துவிட்டது. மறுபடி ஒரு சொத்தைதான் மிச்சம். திரும்பி வந்து அடுத்த பல்லுக்கு வெல்லம் வைத்தார்கள். இப்படி ஒன்று பழுக்க ஒன்று உதிர, தை பிறப்பதற்குள் ஏழும் போயின. குப்பாண்டி கண்ணாடி பார்த்து அழுதேவிட்டார்.

தை பிறந்ததும் மூவரும் மறுபடி டவுனுக்குப் போய் முறுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். டாக்டரம்மா வெறும் ஈறைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, விடுங்க. நாளைக்கே பல் செட் தரேன், முறுக்கு கடிக்கலாம். இதுலயும் ரெண்டு வகை இருக்கு. ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க."

மூவரும் வெளி பெஞ்சில் கலந்து பேசினார்கள்.

"ஒரு வாய்ல ஒரு செட்டுதான் மாட்ட முடியும்," என்றான் வீரபாகு. "இன்னொரு பொக்கை வாய் இல்லாம எப்படி ஒப்பிடுறது?"

குப்பாண்டி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நல்லமுத்து எழுந்து உள்ளே போனான். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான். முப்பத்திரண்டும் பளபளவென்று இருந்தன.

"எல்லாத்தையும் பிடுங்கிடுங்க டாக்டரம்மா," என்றான். "முகூர்த்தத்துக்கு மூணு நாள்தான் இருக்கு."