கூட்டிலிருந்து விழுந்த சுள்ளி

"உப்பு ஜாடி பரிமளம் வெச்ச இடத்துலதான் இருக்கணும்னு சொன்னேன். அது ஒரு குத்தமாம்மா?"

கேட்டுவிட்டு அம்பலவாணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கழிமுகத்தில் குடிசை போட்டிருந்த துறவியம்மாள் அவரைவிட இளையவர். ஆனாலும் மனசு குழம்பினால் அம்பலவாணன் அங்கேதான் வந்து உட்காருவார்.

முதல் மனைவி பரிமளம் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. இந்த ஆவணியில்தான் தில்லைநாயகியைக் கட்டிக்கொண்டு வந்தார். இப்போது அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

"என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"'இன்னொருத்தி வீட்டுல நான் எத்தனை நாளைக்கு விருந்தாளியா இருக்கறது'ன்னா."

அம்மாள் இலுப்பை மரத்து உச்சியைக் காட்டினார். கடல்கழுகின் கூடு. வருஷா வருஷம் சுள்ளி ஏறி ஏறி வண்டிச் சக்கரம் அகலத்துக்கு வந்துவிட்ட கூடு.

"தெரியுமில்ல?"

"தெரியாமலா? போன மழையில பெட்டை செத்து விழுந்தப்ப நான்தானே குழி தோண்டினேன். இப்ப ஆண் புதுசா ஒண்ணைச் சேர்த்துக்கிட்டிருக்கு."

"பாருங்க."

ஆண் கழுகு ஒரு சுள்ளியைக் கொண்டுவந்து வைத்தது. புதுப் பெட்டை அதை இழுத்து வேறு பக்கம் செருகியது.

"திமிரைப் பாருங்கம்மா."

அம்மாள் சிரிக்கவில்லை.

பெட்டை கூட்டுக்குள் அலகை விட்டது. வெளுத்துப்போன பழைய சுள்ளி ஒன்றை உருவியது. வெளியே போட்டது. அது கிளைகளில் தட்டித் தட்டி அம்பலவாணன் காலடியில் வந்து விழுந்தது.

அவர் அதைக் கையில் எடுத்தார். "இது செத்துப்போன பெட்டை வெச்ச சுள்ளிம்மா."

ஆண் கழுகு கடல் பக்கம் பறந்து போயிற்று.

"போச்சு. கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

கொஞ்ச நேரத்தில் கழுகு திரும்பி வந்தது. காலில் இன்னொரு சுள்ளி. பெட்டை நகர்ந்து இடம் விட்டது.

அம்பலவாணன் கையிலிருந்த பழைய சுள்ளியைப் பார்த்தார்.

"ஜாடி எந்தப் பக்கம் இருக்கு?" என்றார் அம்மாள்.

"அடுப்புக்கு இடது பக்கம். பரிமளம் இடது கைக்காரி."

"இவங்க?"

அம்பலவாணன் பழைய சுள்ளியை மர வேரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க?"

"பஸ் வந்துரும்மா."

நிறுத்தத்தில் தில்லைநாயகி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வலது முழங்கைக்குக் கீழே, குறுக்கே, கோடு கோடாகத் தீப்பட்ட தழும்பு.

"இது எப்பப் பட்டது?"

"அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி உப்பு எடுக்கறப்ப எல்லாம் படுது. இப்பத்தான் கண்ணுல தெரியுதாக்கும்."

பஸ் வந்து நின்றது. அம்பலவாணன் வழியை மறிக்கவில்லை.

"ஜாடியை எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியல" என்றார்.

நடத்துனர் விசில் ஊதினார். தில்லைநாயகி பஸ்ஸில் ஏறாமல் பையை அம்பலவாணன் கையில் கொடுத்தாள்.