ஏழு அடுப்பு

இரண்டு அரசர்களுக்கு நடுவே ஓர் ஆறு ஓடிற்று. ஆறு என்னவோ தன் பாட்டுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அரசர்கள் இரண்டு பேருக்கும்தான் கண் உறுத்தியது.

ஆற்றின் நடுவில் ஒரு மணல்திட்டு. அதில் ஒரு புன்னை மரம், ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெண் துறவி. பாடம் சொல்லும் பெண் துறவியைக் குரத்தி என்று அழைப்பது அந்தக் கால வழக்கம். திட்டில் இருந்ததால் இவர் திட்டுக் குரத்தியார் ஆனார். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது.

அவருடைய சீடர்களில் மூத்தவர் தென்கரைப் படைத்தலைவர் மாறங்காரி அரையர். ஐம்பத்தாறு வயது. பதினொரு போர் பார்த்தவர்; இடது காதில் பாதி எந்தப் போர்க்களத்தில் கிடக்கிறதோ, அவருக்கே நினைவில்லை. தம்மைவிடச் சின்னவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது. வாரத்தில் ஒருநாள் வாளைக் கரையிலேயே வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வருவார்.

அன்று அவர் வந்தது வழக்கமான நாளில் அல்ல. வந்ததும் உட்காரவும் இல்லை. நடந்ததை எல்லாம் நின்றபடியே சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன் வடகரைச் சுங்கச்சாவடியில் புதிதாக நாலு காவலர்கள் வந்து நின்றார்கள். எதற்கு என்று யாரும் போய்க் கேட்கவில்லை. தென்கரையில் எட்டுப் பேரை நிறுத்தினார்கள். அதைப் பார்த்து அங்கே நூறு பேர் வந்தார்கள். இங்கே யானை வந்தது. மலைநாட்டுச் சிற்றரசர்கள் ஆறு பேர் வடகரைக்குக் கை கொடுத்தார்கள். கடற்கரைச் சிற்றரசர்கள் ஐந்து பேர் தென்கரையோடு சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு இந்த ஆறு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது.

எதிரிப் படை எவ்வளவு என்பதை அடுப்புப் புகையை வைத்துத்தான் எண்ணுவார்கள். பத்துப் பேருக்கு ஓர் அடுப்பு. போன மாதம் வடகரையில் நானூறு புகை. நேற்று எண்ணூறு. அவர்கள் ஆற்றைக் கடப்பதற்கு முன் நாம் கடந்துவிடலாமா என்று கேட்டு அரசர் ஓலை அனுப்பியிருந்தார். ஓலை கொண்டுவந்தவன் படை தங்கிய பாளையத்தில் பதிலுக்காகக் காத்திருந்தான். பொழுது சாய்வதற்குள் அரையர் எழுதிக் கொடுக்க வேண்டும். கடக்கலாம் என்று எழுதினால் விடிந்ததும் போர்.

"எனக்குப் போரில் ஆசை இல்லை அம்மா" என்றார் அரையர். "அதைப் பார்க்காதவன்தான் அதற்கு ஆசைப்படுவான்."

"பிறகு?"

"அவர்கள் பயப்பட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பயந்தவன் ஆற்றில் இறங்க மாட்டான். மூன்று வருடமாக நானும் விதவிதமாகப் பயமுறுத்திப் பார்க்கிறேன். அவர்களோ மேலும் மேலும் ஆள் சேர்க்கிறார்கள். இந்தப் போரை மூட்டுவது யார் அம்மா?"

அவர் கேட்ட தோரணையைப் பார்த்தால் பதில் அவருக்கு முன்பே தெரியும் போலிருந்தது. குரத்தியார் வடக்கே கையைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

குரத்தியார் எழுந்து திருவோட்டை எடுத்துக்கொண்டார். "பிச்சைக்குப் போகிற நேரம். வருகிறீர்களா?"

குரத்தியார் பிச்சை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒருநாள் தென்கரை, மறுநாள் வடகரை. கரையேறிய இடத்திலிருந்து வரிசையாக ஏழு அடுப்பில் ஓட்டை நீட்டுவார். வாய் திறந்து கேட்க மாட்டார். ஏழிலும் கிடைக்காவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

இன்று எந்தக் கரை என்று அரையர் கேட்டார். உங்கள் கரைதான் என்றார் குரத்தியார்.

அரையருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தம் பாளையத்துச் சோற்றைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். ஏழு அடுப்பு எதற்கு, முதல் அடுப்பிலேயே ஓடு நிறைந்துவிடும் என்று தண்ணீரில் நடந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார்.

கரையோரம் நெடுக அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. முதல் அடுப்பில் குரத்தியார் ஓட்டை நீட்டினார். காவலிருந்த வீரன் எழுந்து தலைவரைப் பார்த்தான். அடுப்பின்மேல் பானை இல்லை. ஈர வைக்கோல்தான் இருந்தது.

குரத்தியார் இரண்டாவது அடுப்புக்குப் போனார். அங்கேயும் ஈர வைக்கோல்தான்.

அரையர் குனிந்து மெதுவாகச் சொன்னார். இவை சமைக்கிற அடுப்புகள் இல்லை. ஆற்றோர வரிசை முழுவதும் எதிரியின் பார்வைக்கு வைத்தது. நேற்று மாலைதான் மூட்டினோம். உள்ளே வந்தால் சுடச்சுடச் சோறு இருக்கிறது.

"வரிசையை விட்டுப் போகிற வழக்கம் எனக்கு இல்லை" என்றார் குரத்தியார்.

மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவது அடுப்பில் இருந்தவன் தலையைக் குனிந்தபடி நின்றான், திருட்டில் அகப்பட்டவன் மாதிரி. அரையருக்கு முகம் கறுத்துவிட்டது. தமக்கு அடுத்த தலைவனான ஓமாயனுக்குக் கண்ணைக் காட்டினார். ஓமாயன் உள்ளே ஓடி, ஆவி பறக்கும் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, குரத்தியார் ஏழாவது அடுப்பையும் தாண்டி ஓட்டைக் கவிழ்த்துவிட்டிருந்தார்.

அவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அரையர் பக்கத்தில் நின்றார்.

"இந்த மாதிரி எத்தனை மூட்டியிருக்கிறீர்கள்?"

"பழையதும் சேர்த்து ஐந்நூறு இருக்கும்." அந்த நிலையிலும் அவர் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. "தூரத்திலிருந்து எண்ணுகிறவனுக்கு எல்லாம் ஒரே புகைதான்."

"அங்கே எண்ணுகிறார்களா?"

"எண்ணட்டும் என்றுதானே மூட்டினேன்."

"எண்ணிவிட்டு?"

"பயப்படுவார்கள்."

"நேற்று நீங்கள் எண்ணூறு புகையைப் பார்த்தீர்களே. பயந்தீர்களா?"

வேறு யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அரையர் இந்தப் பெண்ணிடம் பொய் சொல்வதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தார்.

"பயந்தேன்."

"பயந்து?"

"இன்னும் இருநூறு அடுப்பு மூட்டச் சொன்னேன். அரசரிடம் நாலாயிரம் ஆள் கேட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பேச்சை வேறு பக்கம் திருப்ப நினைத்தாரோ, நிஜமாகவே மனம் கேட்கவில்லையோ, குரத்தியாரைப் பட்டினி போட்டுவிட்டதற்காக வருத்தப்பட்டார்.

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் அம்மா?"

"முந்தாநாள்."

"நேற்று பிச்சைக்குப் போகவில்லையா?"

"போனேன்."

அரையர் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நாள் கணக்கு மனதில் ஓடிவிட்டது. இன்று தென்கரை. முந்தாநாளும் தென்கரை. நேற்று அவர் ஓட்டை நீட்டியது எங்கே என்பதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அவர் திரும்பி வடகரையைப் பார்த்தார். நேற்றும் பார்த்த அதே வரிசைதான். ஆனால் நேற்று எண்ணிக்கையைப் பார்த்தார், இன்றுதான் புகையைப் பார்த்தார். சோறு வேகிற அடுப்பில் புகை ஒருநேரம் ஓங்கும், ஒருநேரம் அடங்கும். அங்கே ஒரு புகையும் அடங்கவில்லை. எல்லாம் வெள்ளையாக, கெட்டியாக, பொழுது முழுவதும் ஒரே மாதிரி எழுந்துகொண்டிருந்தன. பதினொரு போர் பார்த்த கண்ணுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது.

"அப்படியானால் அங்கேயும்..."

"அந்தக் கரைச் சேதியை இந்தக் கரைக்கு நான் கொண்டுவருவதில்லை அரையரே. இந்தக் கரைச் சேதியை அங்கே சொல்வதும் இல்லை."

அரையர் ஓமாயனைக் கூப்பிட்டார். சோறு வேகாத அடுப்பு ஒன்றுவிடாமல் அணைத்துவிடச் சொன்னார்.

ஓமாயன் அசையவில்லை. இப்போது அணைத்தால் நம்மிடம் ஆளே இல்லை என்று எதிரி நினைப்பான், இருட்டுவதற்குள் ஆற்றில் இறங்கிவிடுவான் என்றான். முதலில் அவர்கள் அணைக்கட்டும், நாம் பிறகு அணைக்கலாம் என்றான். அங்கேயும் இந்நேரம் ஓர் ஓமாயன் நின்றுகொண்டு இதையேதான் சொல்லியிருப்பான். ஆனால் இவன் முட்டாள் அல்ல. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை.

அரசரின் ஆள் ஓலையும் எழுத்தாணியுமாக வந்து ஒதுங்கி நின்றான். சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது. சுற்றிலும் வீரர்கள் கூடிவிட்டார்கள். அத்தனை கண்களும் தம்மேல் இருப்பது அரையருக்குத் தெரிந்தது.

அவர் குரத்தியார் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் அணைக்கிறேன். அவர்கள் அணைக்காமல் இறங்கி வந்துவிட்டால்? இது தப்பாகப் போனால்?"

"தப்பாகப் போனால் எத்தனை பேர் சாவார்கள்?"

அது அவருக்குத் தெரிந்த வித்தை. ஆற்றின் அகலத்தையும் கரையின் மேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆயிரம் பேர். அதில் முதல் ஆள் நான்."

குரத்தியார் தலையசைத்தார். கவிழ்த்து வைத்திருந்த ஓட்டை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"விடிந்ததும் நீங்கள் முந்திக்கொண்டு கடந்து, நினைத்தபடி எல்லாம் சரியாகவே போனால் எத்தனை பேர்?"

அரையர் அடுப்போரம் கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ள ஆற்றில் இறங்கினார்.