ஜெரோமின் பை

பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில். அதன் மாடியில் ஓர் அறை. அங்கேதான் நசீமா இருந்தாள். எல்லோரும் அவளை ஆசான் என்று கூப்பிட்டார்கள்.

முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கணினி ஆட்டத்தில் அவளுக்கு ஈடு யாருமில்லை என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. மணிக்கட்டு நரம்பு பழுதான பிறகு அவள் விளையாடுவதில்லை. விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அணித் தலைவன் பரணி அவளைவிட நாலைந்து வயது மூத்தவன். அவள் அவனை அண்ணே என்பாள், அவன் அவளை ஆசான் என்பான். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

ஆட்டம் பெரிய சிதம்பர ரகசியம் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஆளுக்கொரு வீரன். சண்டையில் பொன் சேரும். அந்தப் பொன்னுக்குக் கடையில் கவசமும் ஆயுதமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எவன் முதலில் எதிரியின் கோட்டையை உடைக்கிறானோ அவனுக்கு வெற்றி. பரணியின் அணியில் ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் இருந்துகொண்டே ஆடுவார்கள். ஆட்டம் கணினியில், பேச்சு கைபேசியில். பேசுவதற்கென்று இருக்கும் செயலியில் ஒருவன் நுழைந்தால் டிங் என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். அவன் வெளியேறும் வரை அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஆடப்போகும் ஐந்து பேரின் பெயரை இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பரணி அனுப்பியாக வேண்டும். நாலு பெயர் முடிவாகிவிட்டது. ஐந்தாவது பெயரில்தான் அவன் கை நின்றது.

மாடி ஏறி வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"ஆசான், மதிலன் கதை முடிஞ்சுதா?"

மதிலன் என்பது ஒரு வீரன். மலை மாதிரி அணிக்கு முன்னால் நின்று எல்லா அடியையும் தாங்க வேண்டியவன். அவனை ஆடுவது ஜெரோம், உவரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரன். பரணியும் அவனும் சேர்ந்து தொடங்கிய அணி இது. பரணி வில்லாளியை ஆடுவான், ஜெரோம் அவனுக்கு முன்னால் நிற்பான். வருஷக்கணக்காக அப்படித்தான்.

"யாரு சொன்னா முடிஞ்சுதுன்னு?" என்றாள் நசீமா. மணிக்கட்டில் வெந்நீர்ப் பையை வைத்து ஒத்திக்கொண்டிருந்தாள்.

"புது அப்டேட்ல அவன் கவசத்தக் கொறச்சுட்டாங்கல்லா. அதுலேர்ந்து ஜெரோம் நிக்கவே மாட்டேங்கான். ரெண்டு அடியில விழுந்துருதான். ஒண்ணு வீரன மாத்தணும். இல்ல, ஆள மாத்தணும்."

"ஆளுன்னா?"

"நம்ம மாத்தாள் தினகர் தயாரா இருக்கான்."

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே அந்தப் பெயர் வாயில் கசந்தது.

"ஜெரோம் பையில இப்ப என்ன இருக்கு?"

"அதத்தான் சொல்ல வந்தேன். மலைக்கேடயம் வாங்கணும், முள்கவசம் வாங்கணும். பச்சப்புள்ளைக்குத் தெரியும். இவன் மருந்துக் குப்பியா வாங்கிக் குடிக்கான். காவல் விளக்கா வாங்கி ஊன்றான். புகைப்பொடி வாங்கித் தூவுதான். பொன்னு வரவர இப்படியே கரைச்சுருதான். கேட்டா, 'டீமுக்குத்தானண்ணே'ங்கான்."

"குப்பி, விளக்கு, பொடி. இதுல எதையாவது கடைக்காரன் திரும்ப எடுத்துப்பானா?"

"எடுக்க மாட்டான். அதெல்லாம் வாங்கினா வாங்கினதுதான். விக்க முடியாது."

நசீமா தலையாட்டினாள். வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"என்னைக்கிலேர்ந்து இப்படி வாங்குதான்?"

"அதான் சொன்னேனே, அப்டேட் வந்ததுலேர்ந்து."

"பாத்துச் சொல்லுங்க."

பரணி பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். அப்டேட் வந்த நாளுக்கு முந்தைய ஆட்டத்திலும் குப்பிதான். அதற்கு முந்தையதிலும் குப்பிதான். இன்னும் பின்னால் போனான். அரையிறுதி ஆட்டத்தில் மலைக்கேடயம் இருந்தது. அதற்கு அடுத்த பயிற்சி ஆட்டத்திலிருந்து இல்லை.

"அரையிறுதிக்கு அப்புறம்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஜெயிச்சோம்."

"அதுக்கு முன்னால?"

அதற்கு முன்னால் நடந்தது அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. கடற்கரைப் பக்கம் பேய்மழை. ஆட்டம் இழுபறியில் இருந்தபோது ஜெரோம் ஊரில் கரண்ட் போய்விட்டது. மதிலன் அப்படியே சிலையாக நின்றான். பேச்சிலும் ஜெரோம் இல்லை. இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. இணைப்பு அறுந்தவன் ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வராவிட்டால் அவன் பை மற்றவர்களுக்குத் திறந்துகொள்ளும். அதில் இருப்பதை விற்றுப் பொன்னைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

"வித்தோம்" என்றான் பரணி. "அந்தப் பொன்னுலதான் எனக்குப் பெரிய வில்லு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல கரண்ட் வந்துட்டு, அவனும் வந்துட்டான். கடைசிச் சண்டையில வெறுங்கையோட முன்னால நின்னான். நான் கோட்டைய ஒடச்சேன். அவனும் சந்தோஷமாத்தான் சிரிச்சான்."

நசீமா வெந்நீர்ப் பையை மேசைமேல் வைத்தாள்.

"வித்தது தப்பா, ஆசான்?"

"விக்கலன்னா தோத்திருப்பீங்க."

"அப்ப தப்பில்ல."

கீழே மில் ஓடத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது. நசீமா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"அந்த ஆட்டத்த எத்தனை தடவ பாத்திருக்கீங்க அண்ணே?"

"கணக்கே இல்ல. மனப்பாடம்."

"சத்தத்தோடயா?"

பரணி விழித்தான். பழைய ஆட்டத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதுதான் அவன் பழக்கம். அவன் மட்டுமல்ல, ஆட்டத்தைப் படிக்கிற எவனும் அப்படித்தான் பார்ப்பான். யார் எங்கே நின்றான், எப்போது திரும்பினான், எந்தப் பொருளை எப்போது வாங்கினான் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். கத்தலும் கூச்சலும் எதற்கு?

நசீமா எல்லா ஆட்டத்தின் பேச்சையும் பதிந்து வைத்திருந்தாள். அரையிறுதியை எடுத்தாள். திரையை அணைத்தாள். சத்தத்தை மட்டும் ஓடவிட்டாள்.

கறுத்த திரைக்கு முன்னால் பரணி உட்கார்ந்திருந்தான்.

முதலில் தளவாயின் குரல் வந்தது. அணியில் சின்னவன் அவன். "அண்ணே, ஜெரோம் பை தொறந்துட்டு. என்ன செய்ய?" பிறகு அவனே, "கொஞ்சம் பொறுப்பமாண்ணே? வந்துருவாம்லா" என்றான்.

டிங்.

அதற்குப் பின்னால் மழைச் சத்தம். ஓட்டுக் கூரையில் விழுகிற மழை. ஓடி வந்தவனின் மூச்சு வாங்கும் சத்தம். தூரத்தில் ஒரு ஜெனரேட்டர்.

அப்புறம் பரணியின் குரல்.

"அவன் வரமாட்டாம்ல. அவன நம்பி நின்னா நாம காலி. எல்லாத்தையும் வித்துத் தள்ளு."

கடையில் பொருள் விற்கும்போது பொன் கொட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. மறுபடியும் கேட்டது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் அந்த மூச்சு இருந்தது. இப்போது அது வாங்கவில்லை. அடங்கிப்போயிருந்தது.

வெகுநேரம் கழித்து ஜெரோம் பேசினான்.

"அண்ணே, வந்துட்டேன்."

"சரி சரி, முன்னால போய் நில்லு" என்றது பரணியின் குரல்.

நசீமா நிறுத்தினாள்.

"ஜெனரேட்டர் எங்க?" என்றான் பரணி. அவன் கேட்க நினைத்தது அது இல்லை. வாயில் வந்தது அதுதான்.

"அவங்க ஊரு மாதா கோயில்ல. லேப்டாப்ப சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு மழையில ஓடியிருக்கான். கோயில் வாசல்ல ஃபோனுக்கு சிக்னல் கெடச்சிருக்கு. ஆட்டத்துக்குள்ள வரத்தான் நேரமாயிருக்கு. அவங்க அம்மா சொன்னாங்க."

கரண்ட் வந்தது, அதனால் அவன் வந்தான் என்றுதான் இத்தனை நாளும் பரணி நினைத்துக்கொண்டிருந்தான். அப்படித்தானா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தோன்றவும் இல்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"எங்கிட்ட ஏன் முன்னாலேயே சொல்லல, ஆசான்?"

"நீங்க வில்லப் பத்தித்தான் கேட்டீங்க. கவசத்தப் பத்திக் கேட்டீங்க. விக்க முடியாத சாமானா பாத்து ஏன் வாங்குதான்னு கேக்கல."

மத்தியானம் பயிற்சி ஆட்டம் இருந்தது. மதுரை அணி ஒன்று இணையத்தில் ஆட வந்திருந்தது. பரணி அந்த அறையிலேயே தன் இடத்தில் உட்கார்ந்தான். காதில் ஹெட்போனை மாட்டினான். டிங், டிங் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெரோமும் வந்தான்.

"என்னண்ணே, தொடங்குவமா?" என்றான், எப்போதும் போல.

"ம்" என்றான் பரணி.

ஆட்டம் சூடுபிடித்தது. பரணியின் வில்லாளி பை நிறைய ஆயுதத்தோடு நின்றான். முன்னால் ஜெரோமின் மதிலன், குப்பியும் விளக்குமாக. இன்னும் ஒரு சண்டையில் எல்லாம் முடிவாகும் என்கிற நேரத்தில், நசீமா வந்து பரணியின் கணினிக்குப் போகும் இணைய வயரைப் பிடுங்கினாள்.

திரை உறைந்தது. பரணி பதறி வயரை எடுக்கப் போனான். அவள் அதைத் தன் கையில் சுருட்டிக்கொண்டாள். விரலை உதட்டில் வைத்தாள்.

கைபேசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதில் எல்லோர் குரலும் வந்தது.

"அண்ணன் கட்டாயிட்டாரு."

"பின்னால வாங்கலே, பின்னால வாங்க. கோட்டைக்குள்ள நின்னு தாங்குவோம்."

தாங்கினார்கள். ஒருவன் விழுந்தான். இன்னொருவன் விழுந்தான். உறைந்த திரையில் தன் வில்லாளி அசையாமல் நிற்பதைப் பரணி பார்த்துக்கொண்டிருந்தான். இருந்தும் இல்லாத ஆளாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் தளவாயின் குரல் வந்தது.

"லேய் ஜெரோம், அண்ணன் பை தொறந்துட்டு. எல்லாம் வெலை ஒசந்த சாமான். வித்து உனக்குக் கவசம் வாங்குனா ஜெயிச்சுரலாம். விக்கட்டா?"

பரணி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

வெறும் பயிற்சி ஆட்டம். தோற்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனாலும் ஜெரோம் சொல்லப்போகும் சொல்லுக்குப் பரணி பயந்தான். விற்கச் சொன்னால் அது நியாயம். அந்த நியாயத்தைத் தன்னால் தாங்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"வேண்டாம்ல" என்றான் ஜெரோம். "இருக்கட்டும்."

"தோத்துருவோம்ல."

"தோத்தா தோப்போம்." கொஞ்சம் நிறுத்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணனுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கும்."

தளவாய்க்கு அது விளங்கவில்லை. "என்னது?" என்றான்.

நசீமா வயரைச் சொருகினாள். பரணி ஆட்டத்துக்குள் திரும்பி வந்தபோது கோட்டையில் பாதிச் சுவர் இல்லை. அவன் பையில் எல்லாம் இருந்தது, வைத்தது வைத்தபடி. வில்லாளிக்கு முன்னால், ஒரு கவசமும் இல்லாமல் மதிலன் நின்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டீங்களாண்ணே? நெட்டு போயிட்டா?" என்றான் ஜெரோம்.

பரணி வில்லை வளைத்தான். சரியாக எய்யவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கோட்டை விழுந்தது.

ஒவ்வொருவராக, "நாளைக்குப் பாப்பம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பரணி மைக்கை அணைத்தான். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே மில் நின்றுபோயிருந்தது.

"அவன் இப்ப ஆடினது தப்பான ஆட்டம்" என்றான், கையை எடுக்காமலே. "வித்திருந்தா ஜெயிச்சிருப்பாங்க."

"ஆமா."

"அன்னிக்கு நான் ஆடினது சரியான ஆட்டம்."

"ஆமா."

"அப்ப ஏன் ஆசான் எனக்கு இப்படி இருக்கு?"

நசீமா வயரின் முறுக்கைப் பிரித்து ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பரணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். கணினியில் போட்டி நடத்துகிறவர்களின் பக்கத்தைத் திறந்தான். ஐந்தாவது கட்டத்தில் ஜெரோம் என்று அடித்தான். அனுப்பினான். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்தது.

"அனுப்பிட்டேன். ஞாயித்துக்கெழம அவன்தான் ஆடுதான். தினகர்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"நல்லது."

"போதும்லா, ஆசான்?"

நசீமா மேசைமேல் கிடந்த அவன் கைபேசியைப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். அவள் ஹெட்போனை எடுத்து அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஜெரோம் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி இன்னும் அணையல, அண்ணே."