பொட்டு வைக்க ஓர் இடம்

கேமரா கைக்கு வந்த நாளிலிருந்து குணசீலனுக்குக் கால் ஓரிடத்தில் தரித்ததில்லை. இந்த வாரம் தனுஷ்கோடி என்பான், அடுத்த வாரம் கொல்லிமலை என்பான். பழவேற்காட்டில் முட்டளவு சேற்றில் நின்று படம் எடுத்தான். காசியில் காய்ச்சலோடு அலைந்து எடுத்தான். ஊர் திரும்பியதும் நேராக மங்கையர்க்கரசியிடம்தான் போவான். வீடு, அம்மா, சாப்பாடெல்லாம் அப்புறம்தான்.

மதுரை கீழவாசல் பக்கம் ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார் மங்கையர்க்கரசி. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. மனித முகங்களை எடுப்பதில் பேர் வாங்கியவர். யாராவது குரு என்றால் எரிந்து விழுவார். அதனால் குணசீலன் அக்கா என்றே கூப்பிடுவான். ஆனால் அவர் முன்னால் அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சீடன் என்பது யாருக்கும் தெரிந்துவிடும்.

அவர் பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். படத்தைப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" நல்ல "ம்"மா கெட்ட "ம்"மா என்று யோசித்தே பையனுக்குப் பாதி நாள் போய்விடும்.

அந்த வருடம் குணசீலனின் முதல் கண்காட்சி. அக்காவின் ஸ்டூடியோ ஹாலிலேயே ஏற்பாடு. எல்லாம் உப்பளப் படங்கள். தூத்துக்குடிப் பக்கம் பேச்சித்தாய் என்ற தொழிலாளியின் பின்னாலேயே போன கோடையில் ஒரு வாரம் திரிந்து எடுத்தவை. அவற்றில் ஒன்றுக்குப் பரிசு வேறு கிடைத்துவிட்டதால் பையன் தரையில் நடக்காமல் இருந்தான்.

காலையில் சுவரில் ஆணி அடித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, வாசலுக்கு நேரா இருக்குற இந்த ஆணியில எதை மாட்ட? உள்ள வர்ற ஆளு அப்படியே நின்னுறணும்."

மங்கையர்க்கரசி தரையில் பரப்பியிருந்த படங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். விடிகிற வெளிச்சத்தில் உப்புக் கூடையோடு போகும் ஒரு முதுகு. பரிசு வாங்கியது அதுதான். அப்புறம் வெடித்த குதிகால். உப்பில் வெந்த விரல்கள். பாத்தித் தண்ணீரில் விழுந்த நீள நிழல்.

"இந்த அம்மா ஆளு எப்படிடா இருப்பாங்க?"

"என்னக்கா, அதான் இத்தனை படம் இருக்கே."

"ம்" என்றார் அவர்.

அந்த நேரத்தில்தான் படியேறி ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை, கையில் நான்காக மடித்த ஒரு விசிட்டிங் கார்டு. குணசீலனுடைய கார்டுதான்.

"தம்பி, என்னத் தெரியுதா? செல்வசுந்தரி. பேச்சித்தாய் மக. உப்பளத்துல உங்களுக்கு மோர் கொண்டாந்து தந்தேன்லா."

"அட, வாங்க வாங்க! அம்மா எப்படி இருக்காங்க? அவங்க படத்துக்குப் பரிசு கெடச்சிருக்கு, தெரியுமா?"

"அம்மா தவறிட்டா தம்பி. போன வாரம். நெஞ்சு வலிக்குன்னு சொன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

குணசீலன் கையில் சுத்தியல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூட அவனுக்கு ஓடவில்லை. மங்கையர்க்கரசிதான் எழுந்து வந்து அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"வாற வியாழக்கிழம பதினாறாம் நாள் காரியம்" என்றாள் செல்வசுந்தரி. "மாலை போட ஒரு படம் இல்ல. போன்ல இருந்தது போனோடயே தண்ணியில விழுந்து போச்சு. ஆதார்ல இருக்கதப் பெருசு பண்ணிப் பாத்தோம். போலீஸ் தேடுத ஆளு மாதிரி இருக்கு. இவ எம் பொண்டாட்டியே இல்லன்னுட்டாரு அப்பா. சுவத்துல ஆணிய மட்டும் அடிச்சு வச்சிக்கிட்டு, அதையே பாத்துக்கிட்டுக் கெடக்காரு. தம்பிதான் அத்தன படம் எடுத்துச்சேன்னு நான் பஸ் ஏறி வந்துட்டேன்."

"நீங்க கவலைப்படாதீங்க. வேணும்ங்கிற அளவு இருக்கு" என்றான் குணசீலன். அவளைக் கூட்டிப்போய்ப் படங்களுக்கு முன்னால் நிறுத்தினான்.

அவள் குனிந்து குதிகாலைத் தொட்டாள். "அம்மா காலு." விரல்களைத் தொட்டாள். பரிசு வாங்கிய படத்துக்கு வந்ததும் அடக்கிவைத்த அழுகை பீறிட்டுவிட்டது. "இது அவ நடைதான். இந்தச் சாய்ஞ்ச நடை அவளுக்கு மட்டுந்தான் உண்டு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"திரும்பிலா நிக்கா தம்பி. பொட்டு எங்கன வைக்க?"

குணசீலன் கம்ப்யூட்டரைத் திறந்தான். நூற்றுக்கணக்கில் படங்கள். ஒன்றில் தலைத்துண்டு பாதி முகத்தை மறைத்தது. இன்னொன்றில் முகம் முழுக்க நிழல். இன்னொன்றில் குனிந்த தலை. அவன் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனான். அத்தனையும் அவனுக்குப் பிடித்த படங்கள். இப்போது ஒன்றுகூட உதவவில்லை.

"இது எதுக்கு தம்பி தேடிக்கிட்டு?" என்றாள் செல்வசுந்தரி. "ரெண்டாம் நாளு அம்மா கல்யாணச் சேல கட்டிக்கிட்டு, பவுடரெல்லாம் போட்டுக்கிட்டு வந்தாள்லா? அரக்குச் சேல. உப்பளமே அவளப் பாத்துச் சிரிச்சுது. அந்தப் படத்தத் தாங்க, போதும்."

குணசீலனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாத்தி வரப்பில் அரக்குச் சேலையோடு வந்து, கையை நேராகத் தொங்கவிட்டு, அவனைப் பார்த்து நின்றார் அந்த அம்மாள். இவன்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். "இப்படியெல்லாம் வரக்கூடாதும்மா. நேத்துக் கட்டியிருந்ததையே கட்டிட்டு வாங்க. கேமராவப் பாக்காதீங்க. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க." அவர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

"அத எடுக்கலை" என்றான்.

"ஒண்ணுகூடவா?"

அவன் கம்ப்யூட்டரை மூடினான்.

அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் ஏசவில்லை. "சரி தம்பி, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று பையை எடுத்துக்கொண்டாள். மங்கையர்க்கரசி தெருமுனைவரை அவளோடு போய்விட்டு வந்தார்.

குணசீலன் தரையில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நான் எல்லாம் என்ன ஃபோட்டோகிராபர்?"

"அத அப்புறம் பேசலாம். அங்க ஒருத்தர் ஆணி அடிச்சு வச்சிருக்காராமே, அதுக்கு என்ன வழி?"

"அவங்கதான் இல்லையே. இனிமே நான் எப்படி எடுக்க?"

"நீதான் எடுக்கணுமாடா?"

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸையே பிடித்துவிட்டான்.

கண்காட்சி தள்ளிப்போனது. பாதி மாட்டிய சுவரை அப்படியே விட்டுவைத்திருந்தார் மங்கையர்க்கரசி. வியாழன் கழிந்து மறுநாள்தான் குணசீலன் படியேறி வந்தான். மூக்கும் நெற்றியும் வெயிலில் கறுத்திருந்தன.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"போன காரியம்?"

"ஊருல ஒரு வீடு விடலக்கா. உங்க வீட்டு விசேஷத்துக்குப் பேச்சித்தாய் அம்மா வந்தாங்களான்னு கேட்டு, ஆல்பத்த எல்லாம் வாங்கிப் பாத்தேன். எல்லா வீட்டுக்கும் வந்திருக்காங்க. ஆனா எதுலயும் ஆளு சரியா விழல. பந்தியில குனிஞ்சு பரிமாறுறாங்க, இல்லாட்டி யாரு தோளுக்காச்சும் பின்னாடி நிக்கிறாங்க. கடைசியா ஒரு காதுகுத்து வீட்டு ஆல்பத்துல கெடச்சாங்க."

"எப்படி இருக்கு படம்?"

"ரொம்ப மோசம்க்கா. மூஞ்சியிலயே ஃபிளாஷ் அடிச்சு வெளுத்துக் கெடக்கு. பின்னாடி வாழைக்குலை. பக்கத்துல யாரோ ஒருத்தர் முழங்கை. நேரா கேமராவப் பாத்துப் பல்லு தெரியச் சிரிக்கிறாங்க."

"என்ன சேலை?"

"அதே அரக்குச் சேலைதான்க்கா."

"யாரு எடுத்ததாம்?"

"யாருக்கும் தெரியல. கேட்டுப் பாத்தேன்."

"அவங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

"சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கி மடியில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் 'வந்துட்டியா'ன்னு கேட்டாரு. என்னை இல்லக்கா."

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பொட்டு வச்சாங்களா?"

குணசீலன் தன் நெற்றி நடுவில் விரலை வைத்துக் காட்டினான்.

அவர் மேசை மேலிருந்த சுத்தியலை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, வாசலுக்கு நேரா எதை மாட்டன்னு. இப்பக் கேளு, சொல்றேன்."

குணசீலன் சுத்தியலை வாங்கிக்கொண்டான். கேட்காமலே, பையிலிருந்து அரக்குச் சேலைப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து அந்த ஆணியில் மாட்டினான்.