நன்னாரி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் மனிதரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கரட்டுக்காட்டு வழியில் ஒற்றை வீடு ஒன்று இருந்தது. அதில் ஒச்சாயி தனியாக இருந்தாள். கிடை ஆடுகளோடு கிழக்கே போன புருஷன் போனவன் போனவன்தான். பேச்சுத்துணை என்று அவளுக்கு இருந்தது, வேலியில் படர்ந்த நன்னாரிக் கொடி மட்டுமே.

அப்போது நன்னாரியின் வாசனையெல்லாம் பூவில் இருந்தது. கோடையில் ஒச்சாயி நாலு பூவைப் பறித்துப் பானைத் தண்ணீரில் போட்டுவைப்பாள். வெயிலில் வருகிறவர்கள் நின்றபடியே மடமடவென்று குடிப்பார்கள். "எந்த ஊரு அண்ணே?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் சொம்பைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். தாகம் தீர்ந்த வாய்க்கு ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லையாம்!

அன்றும் ஒரு கூட்டம் அப்படித்தான் வந்து குடித்துவிட்டுப் போனது. ஒச்சாயி வேலியோரம் உட்கார்ந்து அழுதாள்.

"எதுக்குடி அழுகுற? நான் இல்லையா?" என்றது கொடி.

"நீ இருக்க. ஆனா ஒரு மனுச முகம் எதிர்ல உக்காந்து, 'சாப்பிட்டியா'ன்னு கேட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

கொடிக்குச் சுருக்கென்றது. அவள் பக்கம் வளைந்து சொன்னது: "வாசனைய வேருக்கு இறக்கிக்கிறேன். வேரைத் தோண்டணும், இடிக்கணும், ஊறவைக்கணும். அதுவரைக்கும் வந்தவங்க உக்காந்துதானே ஆகணும்?"

"நல்ல யோசனைதான்டி!"

"ஆனா ஒண்ணு. வாசனையும் பேச்சும் எனக்கு ஒரே மூச்சு. ரெண்டும் சேந்துதான் மண்ணுக்குள்ள போகும்."

"அப்ப வேணாம். சொன்னாக் கேளு, வேணாம்!" ஒச்சாயி கொடியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் கொடி மூச்சை உள்ளே இழுத்துவிட்டது. பூக்களில் வாசனை அற்றுப்போயிற்று.

மறுநாள் கழுதையோடு ஓர் உப்பு வியாபாரி வந்தார். ஒச்சாயி வேரில் ஒரு துண்டை எடுத்து, இடித்து, ஊறப்போட்டு, "உக்காருங்கண்ணே, ஊறட்டும்" என்றாள். அவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். "சாப்பிட்டியா தங்கச்சி?" என்று கேட்டார். கழுதையின் சண்டித்தனம், கட்டிக்கொடுத்த மகள் என்று ஏதேதோ பேசினார். வெயில் தாழ்ந்ததும், கருப்பட்டி கரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்த அந்தத் தண்ணீரை வயிறு குளிரக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

ஒச்சாயிக்கு மனம் நிறைந்திருந்தது. "அடியே, அந்தக் கழுதை பண்ணுன கூத்தைக் கேளேன்!" என்று வேலிக்கு ஓடினாள். கொடி சும்மா கிடந்தது. சொம்பில் மிச்சமிருந்ததை அதன் அடியில் ஊற்றினாள். பதில் வராது என்று தெரிந்தும், அங்கேயே உட்கார்ந்து கதை முழுவதையும் சொல்லி முடித்தாள்.

அன்று முதல்தான் நன்னாரிப் பூவில் வாசனை இல்லை, எல்லாம் வேரில். வேர் ஊறுகிற நேரத்தில் வந்தவரை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். பக்கத்திலேயே கொடி மட்டும் பேசாமல் கிடக்கிறது.